பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

வண்டியை வாங்கி ஐந்தாம் நாள் காலையில், பின் ஆக்சிலின் அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் பிளக்கைக் கழற்றினேன். அதற்கு முந்தைய மூன்று நாட்களும் வண்டி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. கீழே வைத்திருந்த தட்டில் முதலில் இரண்டு கரண்டி அளவுக்குத் தெளிந்த தண்ணீர் விழுந்தது. அதன் பின்னால், பால் கலந்ததுபோல் வெளிறிய பழுப்புத் திரவம் தடித்த கயிறாக இறங்கி, தட்டின் நடுவில் மடிந்து மடிந்து சேர்ந்தது. தேன் நிறத்தில் வர வேண்டிய கியர் ஆயில் அது. விற்றவர் என்னிடம் காட்டிய எதுவும் பொய்யில்லை. இன்ஜின் நன்றாகவே ஓடியது, பெயின்ட் பளபளத்தது, ஏசி குளிர்ந்தது. அவர் காட்டாமல் விட்டது இந்த ஆயிலைத்தான், அதைப் பற்றி அவருக்கே தெரிந்திருக்காது என்றும் நம்புகிறேன்.

எட்டு மாதங்களும் 9,000 கிலோமீட்டரும் ஓட்டிய பிறகு எழுதும் இந்த மதிப்பீட்டில் வண்டியின் தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் பிறந்தவை அல்ல, 11 ஆண்டுகளில் கைமாறிய பராமரிப்பில் பிறந்தவை. அவற்றை ஒரு நிறுவனத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. வகையை மட்டும் சொல்கிறேன். ஏணி வடிவச் சேஸிஸின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் பாடி, 2.5 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின், 5 கியர் மேனுவல் பெட்டி, விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும், ஹை மற்றும் லோ விகிதங்கள் கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் திட ஆக்சில், முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங், முன் சக்கரங்களில் கையால் திருகிப் பூட்டும் ஹப். வாங்கும்போது மீட்டரில் 1,38,000 கி.மீ. காட்டியது. இந்த அமைப்பு உள்ள எந்த வண்டிக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்குவதற்கு முன் பணம் கொடுத்து ஒரு பரிசோதனைச் சேவையை அமர்த்தியிருந்தேன். அவர்கள் தந்த அறிக்கை பன்னிரண்டு பக்கம். ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் சரி என்ற குறி. கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார், இருக்கைச் சூடேற்றி, பின்கேமரா என்று ஒவ்வொன்றையும் கவனமாகச் சோதித்திருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஃபோர் வீல் டிரைவ் என்ற வரிக்கு எதிரே இருந்தது ‘விளக்கு எரிகிறது’ என்ற இரண்டே சொற்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் சுவிட்ச் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்; முன் சக்கரங்களுக்கு விசை போகிறதா என்பது வேறு கேள்வி. அந்த அறிக்கையை எழுதியவர் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை என்பதற்கு எனக்குச் சான்று வேண்டியதில்லை: சேஸிஸ் முழுக்கச் சேறு அப்பியிருந்தபோதே, அதன் நிலை பற்றிய பத்தி ‘துரு இல்லை’ என்று முடிந்திருந்தது. சாதாரணக் காருக்கு அந்தச் சேவை போதும். காட்டுப்பாதை வண்டிக்குப் போதாது. மொத்தத்தில், கொடுத்த பணத்துக்குப் பாதி பயன்.

நானே பார்த்தவற்றில் உருப்படியானவை சிலவே. வண்டியைப் பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் இன்ஜினை இயக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. குளிர்ந்த இன்ஜின் மறைக்காத பல விஷயங்களைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும். முதல் புகை நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு தொடர்ந்து வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இயக்கிய முதல் நிமிடத்திலேயே, தண்ணீர் இன்னும் சூடாகாத நிலையில், ரேடியேட்டரின் மேல் குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அது அப்போதே கல்போல் இறுகினால், ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டரின் அழுத்தம் கூலன்டுக்குள் புகுகிறது என்று சந்தேகிக்கலாம். என் வண்டியில் குழாய் தளர்வாகவே இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதே வாயின் மேல் தலைகீழாக வைத்தபோது லேசாக அதிர்ந்ததே தவிரத் துள்ளி விழவில்லை. பிஸ்டன் வளையங்கள் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

வண்டி தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி சீட் பெல்ட். அதை முழுவதுமாக, இனி வராது என்கிற அளவுக்கு வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். கதவுத் தூணுக்குள் சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஒன்றரை அடியை யாரும் கழுவுவதில்லை. என் வண்டியின் ஓட்டுநர் பக்கப் பெல்ட் சுத்தமாக இருந்தது. பின் இருக்கையின் இடப்பக்கப் பெல்ட்டில் ஒரு விரல் அகலத்துக்கு மங்கலான சேற்றுக் கோடு இருந்தது. அப்போதே நான் பின் ஆக்சிலைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத் திருகுகளில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சில் நெடி, ஹெட்லைட்டின் உள்பக்கத்தில் படிந்த மெல்லிய மண் ஆகியவையும் இதே செய்தியைச் சொல்பவை.

சேஸிஸைப் பொறுத்தவரை, புதிதாக அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் மகிழாமல் சந்தேகப்படுவதே நல்லது. பெட்டி வடிவச் சட்டத்துக்குள் புகுந்த சேறு வெளியே வர வழியில்லாமல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துரு உள்ளிருந்து வெளியே வளரும். மேலே பூசிய பூச்சு கடைசி வரை அழகாக இருக்கும். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று சொல்லும். பின் பட்டைகளைத் தாங்கும் கைகள், பாடி உட்காரும் ரப்பர்களின் இருக்கைகள், சட்டம் ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் தட்ட வேண்டும். நான் தட்டியதில் ஒரே ஒரு இடம், வலப்பக்கப் பின் ரப்பர் இருக்கை, சுரத்தில்லாமல் பேசியது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒரு நாள் ஆயிற்று. கீழ்த்தகடுகளில் இருந்த கீறல்களையும் சப்பைகளையும் நான் பொருட்படுத்தவில்லை, அவை அதற்காகவே போட்டவை. ஆக்சிலைப் பிடித்திருக்கும் இணைப்புக் கைகளின் தாங்கிகள் வளைந்திருந்தால் மட்டும் திரும்பிப் போயிருப்பேன்.

டயர் விஷயத்தில் விற்றவர் பெருமைப்பட்டார்: பின்னால் இரண்டும் புதியவை. ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும், 3217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம். பின் டயர்கள் உண்மையிலேயே புதியவை, 12 மி.மீ. ஆழம் இருந்தது, முன் டயர்களில் 3 மி.மீ. மிச்சம். சாதாரணக் காரில் இது பெரிய பிழையன்று. தேவைப்படும்போது மட்டும் போடும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவில், முன் பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது, ஃபோர் வீலில் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். 235/75 ஆர் 15 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். ஆரத்தில் 9 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 56 மி.மீ.க்கும் சற்று அதிகமாக வித்தியாசம் வரும். ஒரு கிலோமீட்டருக்குள் அது சுமார் 24 மீட்டர். அந்த 24 மீட்டரை எங்கேயாவது வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். மணலில் டயர் அதை வழுக்கித் தீர்த்துவிடும், கெட்டித் தரையில் கியர்களும் தண்டுகளும் முறுக்கிக்கொண்டு தாங்கும். நான் முதல் வாரத்திலேயே நான்கையும் ஒரே அளவுக்கு மாற்றினேன். வாங்கிய பிறகு செய்த செலவில் பெரியது இதுவே. விலை பேசும்போதே கணக்கில் சேர்த்திருக்க வேண்டியது.

ஃபோர் வீல் டிரைவைச் சோதிக்க நான் செய்தது இவ்வளவுதான். ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, ஹப்பைத் தளர்த்திய நிலையில் கையால் சுழற்றினேன்; சக்கரம் மட்டும் சுழன்று, உள்ளிருக்கும் ஆக்சில் தண்டு அசையாமல் நின்றது. ஹப்பைப் பூட்டிச் சுழற்றியபோது தண்டும் கூடவே வந்தது. மறுபக்கமும் அதேபோல். பிறகு மண் தரைக்கு ஓட்டிப் போய், 4எச் (ஃபோர் வீல் ஹை) போட்டு மெதுவாகச் சுற்றினேன்; நின்று, நியூட்ரலில் வைத்து, 4எல் (ஃபோர் வீல் லோ) போட்டேன். நெம்புகோல் முரண்டு பிடித்தாலும் உட்கார்ந்தது. லோவில் முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், நடக்கிற ஆளைவிட மெதுவாக ஒரு சரிவில் ஏறியபோது சங்கிலிச் சத்தமோ கியர் குதிப்போ இல்லை. கையால் பூட்டும் இந்த ஹப் வகையை இரண்டாம் உலகப் போரின் மிச்ச ஜீப்புகளுக்காக 1948-இல் ஆர்தர் வார்ன் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த ஜீப்புகள் சாலையில் ஓடும்போது முன் தண்டுகள் வீணாகச் சுழல்வதை நிறுத்துவதே நோக்கம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வேகுவம் குழாயை நம்பும் தானியங்கி ஹப்பைவிட இதைத்தான் நான் விரும்புகிறேன். இறங்கிப் போய்த் திருக வேண்டும் என்பதைத் தவிர அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை.

இப்போது அந்த ஆயிலுக்கு வருகிறேன். வாங்கியவுடன் எல்லா ஆயிலையும் மாற்றிவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த அறிவுரை. ஆனால் மாற்றுவதைவிட, வடிகிறதைப் பார்ப்பதில்தான் பலன் இருக்கிறது என்பது என் அனுபவம். இன்ஜின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு ஆக்சில்களிலும் உள்ள முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் என்று ஐந்து இடங்களிலிருந்தும் வடித்ததைத் தனித்தனிக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, பெயர் எழுதி, இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்திருந்தேன். இன்ஜின் ஆயில் கறுப்பு, அது டீசலுக்கு இயல்பு. கியர் பெட்டியிலிருந்து வந்தது தெளிவாக இருந்தாலும் அதன் காந்தப் பிளக்கில் மயிர்போல் மெல்லிய சாம்பல் பசை. அதுவும் இயல்பே, விரலில் தேய்த்தால் உறுத்தவில்லை. உறுத்தினால், நகக்கண் அளவுக்குத் துண்டு இருந்தால், பெட்டியைத் திறக்காமல் ஆயில் ஊற்றுவது வீண். பின் டிஃபரென்ஷியலின் குடுவை மட்டும் இரண்டு நாளுக்குப் பிறகும் கலங்கியே நின்றது.

ஒரு சிறு எச்சரிக்கை. எந்தப் பெட்டியிலும் ட்ரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் மேலே நிரப்பும் பிளக்கைத் திறந்து பார்த்துவிட வேண்டும். என் டிரான்ஸ்ஃபர் கேஸில் நிரப்பும் பிளக் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைத் தளர்த்த ஊடுருவும் எண்ணெயும், வெப்பமும், ஒரு முழு மாலைப் பொழுதும் தேவைப்பட்டன. முதலில் கீழே திறந்திருந்தால், ஆயில் இல்லாத பெட்டியோடு அசைய முடியாத வண்டி எனக்கு மிஞ்சியிருக்கும்.

பின் ஆக்சிலுக்குள் தண்ணீர் எப்படிப் போயிற்று? பட்டறையில் எல்லாரும் கிரவுன் என்று சொல்லும் டிஃபரென்ஷியலின் மேல் ஒரு சிறு மூச்சுக்குழல் இருக்கும். வண்டி ஓடும்போது உள்ளிருக்கும் ஆயிலும் காற்றும் சூடேறும். விரியும் காற்று அந்த வழியாக வெளியேறும். அந்தச் சூட்டோடு வண்டி குளிர்ந்த நீருக்குள் இறங்கினால், உள்ளே காற்று சட்டென்று சுருங்கும், அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று திரும்பி வர வேண்டும். மூச்சுக்குழல் சேறு அடைத்துப்போயிருந்தால் காற்றுக்கு வழியில்லை. ஆக்சிலின் முனைகளிலும், ஷாஃப்ட் வந்து சேரும் பினியனிலும் உள்ள ஆயில் சீல்களின் உதட்டைத் தாண்டித் தண்ணீரே உள்ளே இழுபடும். ஆயில் வெளியே போகாமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட சீலுக்கு எதிர்த் திசையில் அவ்வளவு பிடிப்பு இல்லை. என் மூச்சுக்குழலின் வால்வில் இருந்த சேறு காய்ந்து செங்கல்போல் ஆகியிருந்தது, ஊசியால் குத்தியும் எடுக்க முடியவில்லை.

டிஃபரென்ஷியலைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்ததில் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தின் பற்கள் பிழைத்திருந்தன; சில பற்களின் ஓரத்தில் தேநீர்க் கறைபோல் நிறம் மாறியிருந்ததே தவிரக் குழி இல்லை. பக்கவாட்டு பேரிங் ஒன்றின் உருளைகளில் ஊசிமுனைக் குழிகள் இருந்தன. பக்கவாட்டு பேரிங்குகள் இரண்டையும் மாற்றி, பற்களுக்கு இடையிலான ஆட்டத்தை 0.15 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து, வண்ணப்பசை தடவிச் சுழற்றிப் பற்கள் தொடும் இடத்தைச் சரிபார்த்து மூடினேன். முதலில் மலிவான ஆயிலை ஊற்றி 200 கி.மீ. ஓட்டி வடித்தேன், அதிலும் சற்றே கலங்கல் இருந்தது. மீண்டும் ஒருமுறை அதே வேலை. மூன்றாம் முறைதான் நல்ல ஆயில். இரண்டு ஆக்சில்களின் மூச்சுக்குழல்களையும், கூடவே பெட்டிகளுடையதையும், ரப்பர் குழாய் வைத்து நீட்டி இன்ஜின் அறையின் மேல் மூலையில் கொண்டுபோய்க் கட்டினேன். இந்த எட்டு மாதத்தில் செய்தவற்றுள் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தந்தது அதுவே.

ஆயில் தேர்வைப் பற்றி ஒரு சொல். டிஃபரென்ஷியலின் கிரவுன் பற்கள் ஒன்றின் மேலொன்று உருள்வதோடு சறுக்கவும் செய்யும், ஆகவே அதிக அழுத்தம் தாங்கும் ஜிஎல்-5 தர ஆயில் அங்கே வேண்டும் (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக் குறியீடு). ‘இதைவிட உயர்ந்த எண்தானே’ என்று அதையே மேனுவல் கியர் பெட்டியிலும் ஊற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-இன் மேம்பட்ட பதிப்பு அன்று. அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த கூட்டுப்பொருள் அதிகம். கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்திசைக்கும், பித்தளையாலான சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும், அரிக்காவிட்டாலும் வளையத்துக்குத் தேவையான பிடிப்பைக் குறைத்துக் கியர் விழுவதைக் கடினமாக்கும். என் பெட்டியில் இரண்டாம் கியர் குளிரில் உறுமிக்கொண்டு விழுந்ததற்குக் காரணம் அதுவென்று நினைக்கிறேன். கையேட்டில் சொன்னபடி 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊற்றிய மறுவாரமே உறுமல் பெரிதும் அடங்கியது. சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டியின் ஆயில் தேவைப்படும். இதில் ஊகத்துக்கு இடமில்லை, கையேடுதான் கடைசிச் சொல்.

பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒத்த நேரத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லை. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை முட்டும் வகை இன்ஜின் இது. பெல்ட், இழுவை உருளை, வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினேன்.

இதற்குப் பிறகும் ஒரு நடுக்கம் தொடர்ந்தது. 70 கி.மீ. வேகத்தை நெருங்கியதும் தரையிலிருந்து ஒரு ரீங்காரம் எழும், 90-இல் அடங்கும். சக்கர பேலன்ஸ் செய்தும் போகவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்ட்களைக் கையால் முறுக்கிப் பார்த்தால் ஆட்டமில்லை. யாரோ அண்மையில் மாற்றியிருந்தார்கள், கிரீஸ் நிப்பிள்கூடப் பளபளத்தது. அடியில் மல்லாந்து படுத்து, வெகு நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது: ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் கவட்டைகள் ஒரே தளத்தில் இல்லை. ஒன்று சற்றே திரும்பியிருந்தது. கோணத்தில் சுழலும் யூனிவர்சல் ஜாயின்ட், உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும்தான் வெளியே தரும். மறுமுனையில் உள்ள ஜாயின்ட் அதே அளவு எதிராகச் செய்து சமன்படுத்த வேண்டுமானால் ஷாஃப்டின் இரு கவட்டைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஜாயின்ட் மாற்றியவர், நீண்டு சுருங்கும், பற்கள் வெட்டிய நடுப்பகுதியைக் கழற்றி மீண்டும் கோக்கும்போது, ஓரிரு பல் தள்ளிக் கோத்துவிட்டார். கழற்றுவதற்கு முன் இரண்டிலும் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. இழுத்துக் கழற்றி, சரியான பல்லில் கோத்து, நான்கு போல்ட்டுகளை முடுக்கினேன். அரை மணி நேர வேலை. ரீங்காரம் அன்றே நின்றது. இதற்காக டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்க வேண்டும் என்று எனக்கு ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

முந்தைய உரிமையாளர் வண்டியை 50 மி.மீ. உயர்த்தியிருந்தார். பார்ப்பதற்கு மிடுக்காகத்தான் இருந்தது. முன்னால் காயிலுக்கு மேல் வைத்த கட்டைகள், பின்னால் பட்டைகளைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள்கள் நீளமானவை, வேறெதையும் மாற்றவில்லை. உயர்த்தியதும் திட முன் ஆக்சில் சற்றுச் சுழன்று, ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் சாய்வு குறைந்துபோகும். பக்கவாட்டுத் தண்டு ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் குழாய் ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது வீணைத் தந்தியாக விறைக்கும். என் வண்டியில் மூன்றும் நடந்திருந்தன. உயரம் வேண்டுமென்பவர்கள் அதற்கேற்ற கைகளும் நீண்ட குழாய்களும் சேர்த்துச் செய்யட்டும். அரைகுறையாகச் செய்த உயரத்தைக் கழற்றுவதே மேல் என்று கழற்றிவிட்டேன். ஸ்டீயரிங் அன்றிலிருந்து கையில் நிற்கிறது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். நீண்ட மலை இறக்கத்தில் பெடல் பஞ்சாக உள்ளே போவது இப்படித்தான். என்னுடையதில் ஆயில் மங்கிய பழுப்பு நிறத்தில் இருந்தது. பின் டிரம்களைத் திறந்தபோது ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி காய்ந்த மண் கொட்டியது.

காற்றுப் பாதையில் பார்க்க வேண்டியது ஃபில்டரை அல்ல; ஃபில்டருக்கு அப்பால், டர்போவுக்குப் போகும் குழாயின் உள்சுவரை. விரலை விட்டுத் துடைத்தால் விரல் சுத்தமாக வர வேண்டும். அங்கே தூசி இருந்தால் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு மண் இன்ஜினுக்குள் போயிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் நான் வாங்க மாட்டேன். நீருக்கு மேல் காற்றெடுக்கும் ஸ்நோர்கெல் மாட்டிய வண்டிகளில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் பாடியைத் துளைத்து நுழையும் இடத்து இணைப்பைப் பலர் சீல் செய்வதில்லை. ரேடியேட்டரின் சிறகுகளுக்கு இடையில் மண் அடைந்திருந்தது; முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே இன்னும் அழுந்தும் என்பதால், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத்தில் கழுவினேன். ஏற்றத்தில் மேலேறிக்கொண்டிருந்த வெப்ப முள் அதற்குப் பிறகு நடுவிலேயே நிற்கிறது.

மின் இணைப்புகளில் கூடுதல் விளக்குகளுக்காக ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த இரண்டு கம்பிகளை வெட்டி எறிந்தேன். வேறு குறையில்லை, ஓய்வில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.2.

கேட்பவர்கள் கடைசியில் கேட்பது, வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான். சரிசெய்த பிறகு, இது தன் வேலையை மிக நன்றாகச் செய்கிறது. 4எல் விகிதம் ஏறத்தாழ 2.5, செங்குத்தான சரளைச் சரிவில் முதல் கியரில் விட்டுவிட்டால் பிரேக்கைத் தொடாமலே இன்ஜின் பிடித்து இறக்குகிறது. டயர்க் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிக்கொண்டால் தளர்ந்த மணலிலும் தயங்குவதில்லை, கெட்டித் தரைக்குத் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். திட ஆக்சில் என்பதால் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது மறு சக்கரம் தரையை அழுத்துகிறது. அதே காரணத்தால் நெடுஞ்சாலையில் சிறு பள்ளம்கூட இருக்கை வரை வருகிறது. 100 கி.மீ.க்கு மேல் பேசுவதென்றால் குரலை உயர்த்த வேண்டும். பின் இருக்கையில் நீண்ட பயணம் போனவர்கள் மறுமுறை முன் இருக்கையைக் கேட்கிறார்கள். ஈரமான தார்ச்சாலையில் கூடுதல் பிடிப்பு வேண்டும் என்பதற்காக மட்டும் ஃபோர் வீல் தேடுபவர்களுக்கு இது பொருந்தாது: நடு டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியை கெட்டித் தரையில் 4எச்-இல் ஓட்டித் திருப்பினால் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும், நெம்புகோல் வெளியே வர மறுக்கும். அப்படி மாட்டினால் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் விடுபடும்.

இழுவைக் கொக்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. முன்னால் இருந்த இரண்டு வளையங்கள், வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது கட்டிவைப்பதற்கானவை. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் விசையைத் தாங்குபவை அல்ல. டிரெய்லர் கொக்கியின் உருண்டையில் கயிறு மாட்டி இழுப்பது அதைவிட மோசம், அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸில் போல்ட் செய்த, தாங்கும் எடை பொறித்த கொக்கிகளை முன்னும் பின்னும் பொருத்திய பிறகே முதல் பயணம் போனேன்.

இப்போதைய பராமரிப்பு எளிது. ஒவ்வொரு மண் பயணத்துக்குப் பிறகும் அடிப்பகுதியைக் கழுவி, ஷாஃப்ட் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை புதிது ஏற்றுகிறேன். பின் பட்டைகளின் யூ போல்ட்டுகளைக் கழற்றி மாட்டியபின் 500 கி.மீ.யில் மீண்டும் முடுக்கினேன். இரண்டு போல்ட் கால் சுற்று வாங்கிக்கொண்டன. ஆழமான நீரைக் கடந்தால், வண்டியை ஓர் இரவு நிற்க விட்டு, மறுநாள் காலையில் டிஃபரென்ஷியலின் ட்ரெயின் பிளக்கைக் கழற்றாமல் லேசாகத் தளர்த்துகிறேன். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் உள்ளே இருந்தால் அதுவே முதலில் சொட்டும். இதுவரை மூன்று முறை தளர்த்தியதில் மூன்று முறையும் தேன் நிற ஆயில்தான் வந்தது.

மிச்சமிருப்பது ஒன்று. முன் ஆக்சிலின் இடப்பக்கச் சக்கரத்தின் உள்புறத்தில் ஓர் ஆயில் சீல் கசிகிறது. ஒவ்வொரு ஞாயிறு இரவும் அதற்கு நேர்கீழே ஒரு வெள்ளை அட்டையை வைத்து, காலையில் தேதி எழுதி எடுத்துவைக்கிறேன். ஏழு அட்டைகள் சேர்ந்திருக்கின்றன. முதல் ஐந்திலும் கறை கட்டைவிரல் நகத்தின் அளவு. ஆறாவதில் சற்றுப் பெரிது. நேற்று எடுத்ததில் கறையோடு கொஞ்சம் கிரீஸும் கலந்திருக்கிறது. பேரிங்கின் கிரீஸை ஆயில் கரைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சீல், பேரிங் இரண்டும் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிற சனிக்கிழமை அந்தப் பக்கத்தைக் கழற்றுகிறேன்.